கடல் வைத்துக்கொண்ட குழல்

எங்கள் ஊர் எலோடியா டீச்சருக்குக் கடல் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் அடித்த நீலப் பெயின்ட்தான். தித்திகாக்கா ஏரிக்கரையில் பிறந்து, அதே கரையில் வாத்தியாராகவும் ஆனவர் அவர். கணக்கும் அவர்தான், பாட்டும் அவர்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும், பழைய போரில் எங்கள் பொலிவியா சிலியிடம் இழந்த கடலுக்காகப் பிள்ளைகள் நீலக் காகிதக் கொடி பிடித்து மைதானத்தைச் சுற்றி வருவார்கள். அப்போது யாராவது ஒரு பொடிசு கேட்டுவிடும்.

"கடல் எவ்ளோ பெருசு டீச்சர்?"

"நம்ம ஏரி மாதிரிதான். இன்னும் கொஞ்சம் பெருசு."

சொல்லிவிட்டுச் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பார்க்காத ஒன்றைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசமுடியும்?

எல்லைக்கு அந்தப் பக்கம், சிலி நாட்டின் அரிக்கா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் போன வருஷம் ஏரிக்கு வந்திருந்தார்கள். மலை உயரம் தாங்காமல் மூச்சு வாங்கி, வந்த அன்றைக்கே பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். இந்த வருஷம் டீச்சர் தன் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் முறை. அரிக்காவில் குழல் வாசிக்கவேண்டும். ஊர்க் குழல்களை வைத்திருக்கும் பெரியவர் தோன் பசிலியோ, இரண்டு பை நிறைய எடுத்துக் கொடுத்தார். எங்கள் மூங்கில் குழல்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்று கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். சுரங்களில் பாதி அதில், பாதி இதில். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டையும் முடிக்க முடியாது.

"எங்க தாத்தன் காலத்துக் குழல் டீச்சர். போன மாதிரியே திரும்பி வரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் எந்தப் புள்ளையும் மலைய விட்டு எறங்காது, சொல்லிட்டேன்."

பஸ் மலையிறங்கி, மணல்மேடு தாண்டி, ஒரு வளைவில் திரும்பியது. கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள். எதிர்க்கரை இல்லை. எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் பனிமலை நிற்கும்; இங்கே தண்ணீர் போய் வானத்தில் முட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர்," என்றான் ஒவிடியோ, வகுப்பிலேயே பெரிய வாயாடி. "இதுவா கொஞ்சம் பெருசு?"

டீச்சர் அந்த ரொட்டியை அவன் கையில் திணித்தார்.

சாயங்காலம் எல்லோரும் கரைக்குப் போனார்கள். ப்ரிகிதா தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெசமாவே உப்பு!" என்று அலறினாள். அப்போதுதான் டீச்சருக்கு அந்த எண்ணம் வந்தது. ஊரில் விழாவுக்கு முன்னால் குழல்களை ஊற்றடியில் ஒரு ராத்திரி வைப்பது வழக்கம். தண்ணீருக்குள் இருப்பவள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போவாள். ஒரு சின்ன ஊற்றில் இருப்பவளே அப்படிச் சேர்ப்பாள் என்றால், இவ்வளவு தண்ணீரில் இருப்பவள் எப்படிச் சேர்ப்பாள்!

வழக்கமாகக் காணிக்கை வைக்கும் கோக்கா இலை இல்லை; சிலியில் அதற்குத் தடை என்று எல்லையிலேயே பிடுங்கிவிட்டார்கள். மிட்டாயும் ரொட்டியும் வைத்தார்கள். ஏரிக்கரையில் வைப்பதுபோலவே, தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி ஒரு பாறைமேல் இரண்டு பைகளையும் வைத்து, நெய்த இடுப்புக்கச்சையால் கட்டிவிட்டு வந்தார்கள்.

காலையில் போய்ப் பார்த்தால் பாறையைக் காணோம்.

பாறை இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. ப்ரிகிதா அழுதாள். டீச்சருக்குத் தோன் பசிலியோவின் முகம்தான் கண்முன்னால் வந்தது. அரிக்கா வாத்தியார் ரெனாத்தோ விஷயத்தைக் கேட்டதும் முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எலோடியா டீச்சர், கடல் ஏறும், எறங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க ஏரி வச்ச எடத்துலயே இருக்கும் சார்," என்றார் டீச்சர்.

அவர் முகத்தைப் பார்த்ததும் ரெனாத்தோவின் சிரிப்பு நின்றது. "அழாதீங்க. நிகழ்ச்சிய சாயங்காலத்துக்கு மாத்திக்கலாம். தண்ணி தானா போகும்."

"போகுமா? எங்க போகும்?"

ரெனாத்தோ சிரித்து மழுப்பினார்.

டீச்சர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் தள்ளவில்லை, யாரும் இறைக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு தண்ணீரும் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. முதலில் பாறையின் உச்சி தெரிந்தது, பிறகு தோள், பிறகு பச்சைப் பாசி படிந்த அடி. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதையே சிறிது நேரம் மறந்துபோனார். மலை எழுந்து நடந்தால்கூட இப்படித்தான் வாய்பிளந்து பார்த்திருப்பார்.

இரு பள்ளிகளின் பிள்ளைகளும் ஈர மணலில் ஓடினார்கள். கச்சை அறுந்திருந்தது. ஒரு பை பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. இன்னொன்று பாசிக்குவியலுக்குள் வாய் திறந்து கிடந்தது. எண்ணிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று குறைந்தது. டீச்சருடையது, பதில் சொல்லும் பாதி.

"உங்க குழல் அவளுக்கே புடிச்சுப்போச்சு டீச்சர்," என்றான் ஒவிடியோ. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள்.

எப்படியும் குழலை நனைத்துத்தானே ஊதுவோம். உப்புத்தண்ணீரை உதறிவிட்டு அங்கேயே கரையில் நின்று வாசித்தார்கள். மூங்கில் அப்படி ஒரு குரலில் பேசி டீச்சர் அதுவரை கேட்டதில்லை. அவருடைய ஜோடி ஒவிடியோதான். அவன் கேட்டுவிட்டு நிறுத்துவான். பதில் வரவேண்டிய இடத்தில் டீச்சர் வெறுங்கையுடன் கடலைப் பார்ப்பார்.

ஊர் திரும்பியதும் முதலில் தோன் பசிலியோ வீட்டுக்குத்தான் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கிழவர் ஒரு குழலை எடுத்து உதட்டில் வைத்தார். ஊதவில்லை, நக்கிப் பார்த்தார்.

"உப்பு," என்றார். பிறகு, "எவ்ளோ பெருசு?" என்று கேட்டார்.

டீச்சர் கையை விரித்துக் காட்டினார். "போகுது தோன் பசிலியோ. போயிட்டுத் திரும்பி வருது."

கிழவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அவ எடுத்துக்கிட்டது எந்தப் பாதி?"

"பதில் சொல்றது."

"அப்ப கேக்குற பாதி நம்மகிட்டதான் இருக்கு." அந்தக் குழலைப் பையிலிருந்து தேடி எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். "அடுத்த வருஷம் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போங்க. ஊதிப் பாருங்க. ஆனா கையில புடிச்சுக்கிட்டே ஊதுங்க டீச்சர், கீழ மட்டும் வச்சிராதீங்க."