ஸ்மினா வீட்டு மூன்றாம் பங்கு

பிரெஞ்சுப் பட்டாளம் எங்கள் மலைக்கு வருவதற்கு முந்தி நடந்தது இது. ஜுர்ஜுரா மலையில் பனி இறங்குமுன் ஊர்ச்சபை காளைகளை வாங்கி அறுக்கும். இருக்கிறவர்கள் காசு போடுவார்கள், இல்லாதவர்கள் போட வேண்டியதில்லை. கறி மட்டும் எல்லாருக்கும் தலைக்கு ஒரு பங்கு. வயிற்றுப் பிள்ளையும் ஒரு தலைதான்.

ஸ்மினாவும் நாங்களும் ஒரே முற்றத்தில் இருந்தோம். ஆட்டுக்குத் தழை வெட்ட மரமேறிய அவள் புருஷன் விழுந்து செத்த வருஷம். நாலு வயசில் ஃபரூஜா என்று ஒரு மகள், வயிற்றில் எட்டு மாதம். கூலிக்கு பார்லி திரிப்பாள். யாரிடமும் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

திரிகை சுற்றும்போதும் ஒரு கை வயிற்றைத் தொட்டுவிட்டு வரும். மூன்று நாளாக அந்தக் கை வயிற்றுப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் குடத்தை இறக்கும்போது அவளே சொன்னாள்.

"அசையல."

"மருத்துவச்சியக் கூப்பிடவா அக்கா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

அன்று பகலிலேயே எங்கள் தெருப் பொறுப்பாளி அமோக்ரான் தலை எண்ண வந்தார். தலைக்கு ஓர் ஆலிவ் கொட்டையைப் பையில் போடுவார்.

"ஸ்மினா, பல்லு முளைச்சது எத்தனை, முளைக்காதது எத்தனை?" எல்லா வீட்டிலும் இதே கேலிதான்.

எதிர்வாசல் கெனிமா விடவில்லை. "ரெட்டைப் புள்ளைன்னு சொல்லேண்டி. சும்மா வர்ற கறிதானே."

"உன் வாய்க்குத் தனியா ஒரு பங்கு போடணும் கெனிமா" என்றார் அவர்.

ஸ்மினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று என்றால் ஊரை ஏமாற்றுவது. இரண்டு என்றால் பிள்ளை போய்விட்டது என்று அவள் வாயாலேயே சொல்வது.

"மூணு" என்றாள்.

மூன்று கொட்டைகள் விழுந்தன.

சாயங்காலம் மூன்று பங்கும் வந்தது. இரண்டைச் சமைத்தாள். மூன்றாவதை உப்புத் தடவி உத்தரத்தில் தொங்கவிட்டாள். மறுநாள் மருத்துவச்சி எடுத்தது ஆண் பிள்ளை, உயிர் இல்லை. பெயர் வைக்காமல் இடுகாட்டு ஓரத்தில் புதைத்தார்கள். ஸ்மினா அழவில்லை. நானும் அழவில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் என்னை அனுப்பி அமோக்ரானை வரச் சொன்னாள்.

"கறிய எடுத்துட்டுப் போங்க. நீங்க எண்ணுறப்பவே எனக்குத் தெரியும்."

அவர் உத்தரத்தைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"எடுத்துட்டுப் போய் என்னம்மா பண்றது? குடுத்தத ஊரு திருப்பி வாங்குனதே இல்லியே. எப்படி வாங்குறதுன்னு எனக்குத் தெரியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர்கள் செத்தால்தான் அவர்கள் பேரில் சோறு போடுவோம். உயிரோடு பிறக்காத பிள்ளைக்கு யாரும் போட்டதில்லை. ஸ்மினா போட்டாள். அந்தக் கறியோடு பார்லிக் குருணையில் கஸ்கஸ் சோறு ஆக்கி, மரத்தட்டை முற்றத்தில் வைத்தாள்.

"என் மகன் பங்கு. சாப்பிடுங்க."

யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் கெனிமாதான் முதலில் உட்கார்ந்தாள். நகத்தளவு கறியை எடுத்து வாயில் போட்டாள். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். உப்பு அதிகம். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸ்மினா திரிகையில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் அமோக்ரான் வந்தார். அவள் வாசலில் மட்டும் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

"ரெண்டு" என்றாள் அவளாகவே.

இரண்டு கொட்டைகளைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.