மகள் மனப்பாடம் செய்த எண்

“நான் போன் போட்டேம்லா, ஏன் உம்மா எடுக்கல?” என்று என் ஐந்து வயது மகள் இன்னும் கேட்கிறாள்.

கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய என் பழைய எண் சொல்வதற்கு எளிது. அதையே பாட்டுப்போல அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதில் யாரும் அழைப்பதில்லை என்பதால் ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டேன். சிம் போனுக்குள் இருந்தாலே அழைப்பு வரும் என்று நினைத்தேன்.

சாரல் நேரத்தில் தென்காசியிலிருந்து மாமியாருடன் குற்றாலம் போனோம். அருவியில் பெண்கள் பக்கம் இருந்த கூட்டத்தில் மகளின் கை நழுவிவிட்டது. யாராவது அழைப்பார்கள் என்று போனைப் பிடித்தபடியே அழுதுகொண்டு தேடினேன். அது அடிக்கவே இல்லை. கடைசியில் மாமியார்தான் அவளைப் போலீஸ்காரப் பெண்மணியிடம் கண்டார்.

“உம்புள்ள பத்து நம்பரையும் பிசகாமச் சொல்லுதா. போட்டா, உபயோகத்துல இல்லங்குது. நல்லா சொல்லிக் குடுத்த, போ!” என்றார் மாமியார்.

மகள் அழவில்லை. “போனுக்குள்ள ஒரு அக்கா பேசினாவ. நீ இல்லன்னு சொல்லிட்டாவ” என்றாள்.

அந்த எண் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது நான் பயன்படுத்தும் எண்ணைச் சொல்லிக்கொடுத்து, மாமியாரின் போனிலிருந்து அவளையே அழைக்க வைக்கிறேன். உடனே எடுக்கிறேன். “குத்தாலத்துலயும் எடுப்பியா?” என்கிறாள்.

பிள்ளையின் மனதிலிருந்து இப்படியொரு பயத்தை நீக்கிய தாய்மார்கள் இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன்.