கொழுப்பு பூசிய பந்து

மருமகள் ஆட்டுக்கொழுப்பு உருக்குகிறாள். அந்த வாடையில் எனக்கு மறுபடி பதினோரு வயதாகிவிட்டது.

அன்று பிரிக்பீல்ட்ஸ் திடலில் எங்கள் அணிக்குக் கிள்ளான் அணியோடு கால்பந்து இறுதியாட்டம். தோல்பந்து மழையில் ஊறாமலிருக்கக் கொழுப்பு பூசித் துடைப்பது என் வேலை. வானம் கறுத்திருந்ததால் அள்ளிப் பூசினேன், துடைக்கவில்லை. மழை வரவில்லை. கடைசி நிமிடத்தில் எங்கள் கோல் காக்கும் கோலி மாணிக்கம் அண்ணன் பிடித்த பந்து நழுவி வலைக்குள் போனது.

“சொந்த ஊரு கிள்ளானாச்சே, விட்டுக் கொடுத்துட்டான்லா!” என்றார் அணியை நடத்திய அப்பா.

“இல்லண்ணே, கை வழுக்கிருச்சு.”

“இத்தன நாளா வழுக்கல, இன்னைக்கு மட்டும் வழுக்குதா?”

மாணிக்கம் அண்ணன் உள்ளங்கையை முகர்ந்தார். அப்பா என்னிடம் திரும்பினார்.

“டேய், பந்து வழுக்குதா?”

அதற்குள் பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்திருந்தேன். “இல்லப்பா.”

மாணிக்கம் அண்ணனை அப்புறம் யாரும் ஆடக் கூப்பிடவில்லை.

“என்ன மாமா, சட்டையில கையத் துடைக்கிறீங்க?” என்கிறாள் மருமகள்.