தண்ணீர் தூக்கியவனுக்குப் புள்ளி இல்லையாம்

இன்று சின்னக்கானல் வாசகசாலையில் மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டத்துக்கு இருந்தவர்கள்: நான், சம்பந்தி முத்தையா, நடுவர் கணேசன், என்னோடு முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த பாப்பாத்தி.

ஆடியது 1917ஆம் வருஷத்துப் பாலைவனச் சண்டை. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமந்த நம்மூர் ஆட்களாக இருபது ஈயப் பொம்மைகளுக்கு நான் இரண்டு மாதம் வர்ணம் பூசியிருந்தேன்.

"துப்பாக்கி இல்லாதவனுக்கு ஏது புள்ளி? ஓரமா வைங்க சம்பந்தியம்மா" என்றார் முத்தையா.

"தண்ணியில்லாம உங்க பட்டாளம் எத்தனை அடி நடக்கும்?"

"சண்டை போட வந்தீங்களா, சமைக்க வந்தீங்களா?"

தண்ணீர்க்காரனுக்குப் புள்ளி வேண்டாம் என்பவர்களைக் கணேசன் கைதூக்கச் சொன்னார். முத்தையா தூக்கினார். பக்கத்தில் இன்னொரு கை.

"வெளையாட்டுதானக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இருபது பேரையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முத்தையா சுமை தூக்காதவர், போகட்டும். தலையில் கொழுந்துச் சாக்கு சுமந்தே முடி கொட்டியவளை என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள், நான் மன்னிக்கப் போவதில்லை பாப்பாத்தியை.