சிந்துப் புத்தகத்தில் இல்லாத வரி

நான் ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கு வந்த புதுப் பாடநூல் கட்டை இன்று பிரித்தபோது, அச்சு மையின் வாசனை என்னை என் சிறுவயதில் மலையடிக் காரவள்ளியில் கூடிய வாரச்சந்தைக்கு இழுத்துப் போனது. மிளகும் சாமையும் சுமந்து மலையிறங்கியவர்கள், அடிவாரத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் கதையைப் பாட்டாகச் சொல்லும் கொலைச்சிந்துப் புத்தகத்தை வாங்கி, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்ற என்னை மூட்டைமேல் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள். கொன்றவன் அகப்படவே இல்லை. ஆனாலும் வாராவாரம் கூட்டம் குறையவில்லை.

"சத்தமா படி கண்ணு, பள்ளிக்கூடத்துல வாயைப் பூட்டவா சொல்லிக் குடுத்தாங்க?" என்று மிளகு வியாபாரி சீண்டுவார்.

அவர்கள் அழுவது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் அழவேண்டுமென்று, ஒருநாள் புத்தகத்தில் இல்லாததை நானே சேர்த்துப் படித்தேன்: சாகும்போது அவள், "அம்மா, ஊட்டுக்கு வாரேன்" என்றாளாம்.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் மட்டும் நின்றாள். இறந்தவளின் தாய்.

"எம்புள்ள என்னையத்தான் கூப்புட்டாளா சாமி? அந்த எடத்தை இன்னொருக்கா படி."

படித்தேன். அந்தச் சந்தை நின்றுபோகும்வரை வாராவாரம் வந்து கேட்டாள். நானும் ஒரு சொல் மாறாமல் படித்தேன். கடைசி வாரம், அந்த வரி எங்கே இருக்கிறதென்று தொட்டுக் காட்டச் சொன்னாள். பயத்தில் என் விரல் போய் நின்றது அவள் மகளை வெட்டிய அரிவாளைச் சொல்லும் வரியில். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.