யோகராணி ரீச்சரும் பூட்டி வைத்த வில்லுகளும்

மூத்த பேரன் கொழும்பில் கணக்காளர். அவனுக்கு அடுத்தவள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தாதி. சின்னவன் புலமைப்பரிசில் பாஸ். கடைக்குட்டி ஜெனிற்றா மாகாண வில்வித்தைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் இந்த நான்கையும் சந்தையிலும் சொல்லுவேன், கோயில் வாசலிலும் சொல்லுவேன். அன்று காலையில் வீட்டு வாசலில் மீன் வாங்க வந்த ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். வெள்ளிப் பதக்கத்துக்கு வந்தபோது ஜெனிற்றா கையில் போனோடு வெளியே வந்தாள்.

“அம்மம்மா, ரீச்சர் மோசம் போயிட்டா. ஆஸ்பத்திரியில உயிர் போட்டுதாம்.”

“எந்த ரீச்சர்?”

அவளுக்கு ரீச்சர் என்றால் ஒருவர்தான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகராணி ரீச்சர், ஜெனிற்றாவின் பள்ளிக்கூடமான எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. ஊர் பாப்பாமோட்டை. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறி, அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து அவரைப் படிப்பித்தவர்கள். நாள்தோறும் பஸ் ஏறி மன்னார்த் தீவுக்கு வந்து எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வில் பிடிக்கப் பழக்கினார். அவருக்கு முன் இந்தக் கல்லூரியில் பெண்களுக்கு வில்வித்தை அணி இருக்கவில்லை.

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய வலை கேட்டு.

“என்னத்துக்கு ரீச்சர் வலை? கிரவுண்டில மீன் பாயுதோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா, பின்னேரத்தில அம்பு பாயுது. பலகைக்குப் பின்னால வலை கட்டாட்டி, மதிலுக்கு அங்கால மேயிற ஆட்டில பட்டுடும். பிறகு ஆட்டுக்காரர் என்னைப் பிடிச்சுக் கட்டுவார்.”

சிரித்துக்கொண்டே இரண்டு வலை கொடுத்தேன். தானே தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் தீவில் குடை விரிக்க முடியாது. ரீச்சர் அந்த நாட்களிலும் பயிற்சியை நிறுத்தவில்லை. “காத்து அடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா மன்னாரில ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது” என்பார். ஒன்பது பிள்ளைகள் அப்படித்தான் பழகினார்கள். ஜெனிற்றாவின் வெள்ளிப் பதக்கமும் அந்தக் காற்றில் வந்ததுதான்.

இந்த வருடம் ஒரு குழு வந்தது. எந்த அணியை வைத்திருப்பது, எதைக் கலைப்பது என்று பார்க்க வந்தவர்கள். அவர்கள் தெரிந்தெடுத்த நாள் மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள். மன்னாரில் பிறந்த எவரும் அந்த நாளில் பிள்ளைகளைத் தேடி மைதானத்துக்குப் போகமாட்டார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் பாதிச் சனம் மடுக் காட்டில் கொட்டில் போட்டு இருக்கும். எட்டுப் பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அங்கே கொண்டு போனவள் நான்தான். மைதானத்துக்கு வந்தது ஒன்பதாவது பிள்ளை, தாராபுரத்து ஸைனப் மட்டும். ரீச்சர் இடாப்பில் ஒருவர் வரவு, எட்டுப் பேர் வரவில்லை என்று பதிந்து கையெழுத்து வைத்தார்.

பெண்பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, அணி கலைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. வில்லுகளை ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். ஆண்பிள்ளைகளின் அணி அப்படியே இருந்தது.

தாய்மார் நாங்கள் ரீச்சரோடு அதிபரின் கந்தோருக்குப் போனோம். அவர் இடாப்பைத் திருப்பிக் காட்டினார்.

“இது ஆரின்ர கையெழுத்து? ரீச்சரின்ரதானே. நான் என்ன செய்ய?”

“நான்தான் சேர் பிள்ளையளை மடுவுக்குக் கொண்டு போனனான்” என்றேன். “அண்டைக்குப் பொடியள் எத்தினை பேர் வந்தவங்கள்? அந்த இடாப்பையும் ஒருக்கா எடுங்கோவன்.”

“அம்மா, இது நிர்வாகம். உங்களுக்கு விளங்காது. நீங்கள் எத்தினையாம் வகுப்புப் படிச்சனீங்கள்?”

“அஞ்சு. பொம்பிளைப் பிள்ளையளின்ர அணியில ஒன்பது பேர், பொடியளின்ர அணியில ஏழு பேர். இதைக் கணக்குப் பார்க்க அஞ்சாம் வகுப்புக் காணும் சேர்.”

ஒரு தாய் சிரித்துவிட்டாள். அதிபர் சிரிக்கவில்லை. ஆண்பிள்ளைகளின் இடாப்பை அவர் கடைசிவரை எடுக்கவுமில்லை.

வாசலுக்கு வந்ததும் நான் ரீச்சரைத்தான் ஏசினேன். “எட்டுக் கோடு கூடப் போட்டிருந்தா அணி தப்பியிருக்கும். ஆர் பாக்கிறது?”

அவர் கோபப்படவில்லை. “வராத பிள்ளை வந்ததெண்டு போட்டா, நாளைக்குப் படாத அம்புக்கும் புள்ளி போட வேணும் அம்மா. பிறகு நான் என்னத்தைப் பழக்கிறது?”

ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். அந்த ஒரு கிழமையை நினைத்தால் இப்போது நெஞ்சு எரிகிறது.

அவர் விடவில்லை. அணியைத் திரும்பத் தரச் சொல்லி, ஒன்பது வீட்டுக்கும் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார். கடைசி வீடு முருங்கனில். அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் தப்பவில்லை. அந்தக் கடிதம்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன்; மாரடைப்பு என்று டொக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடிதம் இல்லையென்றால் அந்த வெயிலில் அவருக்கு முருங்கனில் என்ன வேலை?

செத்தவீட்டில் அதிபர் பேசினார். “பெண்களுக்கு வில்வித்தையின் கதவைத் திறந்து வைத்தவர்” என்றார். கதவைப் பூட்டின திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. ஒன்பது பிள்ளைகளும் அணியின் சேட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியருகில் நின்றார்கள். ரீச்சரின் வயதான தாய்க்காக வாயை மூடிக்கொண்டேன். இந்த அஞ்சலியில் மூடமாட்டேன்.

மறுநாள் கல்லூரியின் முகநூலில் அஞ்சலி போட்டார்கள். படத்தில் ரீச்சர், பக்கத்தில் வெற்றிக் கிண்ணத்தோடு பொடியள். ஜெனிற்றா தன் போனில் முழுப் படத்தையும் காட்டினாள். ரீச்சரின் மற்றப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர் கை ஸைனபின் தோளில். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள். போட்ட படத்தில் ரீச்சரின் கை பாதியில் நிற்கிறது.

ஒன்பது கையெழுத்தும் இப்போது எங்களிடம் இருக்கின்றன. வலயக் கல்விக் கந்தோருக்கு நாங்களே கொண்டு போகிறோம். கல்லூரியிடம் கேட்பது ஒன்று. அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் புதிய படம் போடுங்கள். பழையதைத் தேட வேண்டாம். ரீச்சரின் ஆட்கள் கருமாதி என்று செய்யும் பதினாறாம் நாளுக்கு முன் ஸ்டோரைத் திறந்து, பிள்ளைகளின் கையில் வில்லைக் கொடுத்து, மைதானத்தில் நிறுத்திப் புதிதாக எடுங்கள்.

ரீச்சர், போயிட்டு வாங்கோ. நீங்கள் பழக்கிற நாலு மணிக்குப் பிள்ளைகளோடு நாங்கள் மைதானத்து வாசலில் நிற்போம். ஒவ்வொரு நாளும் நிற்போம்.