எஃப் கார்டும் டபுள் சிக்னலும்

கிட்டாரில் எஃப் என்று ஒரு கார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் மட்டும் என் பதினோராவது வயதில் கையில் சிக்கியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கப்போட்டு அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் வேறு மூன்று இடங்களில் நிற்க வேண்டும். என் விரல்களோ வெண்டைப்பிஞ்சு. தகரத்தைத் தட்டுவதுபோல டொக்கென்று கேட்குமே தவிர இசை வராது.

அப்பாவுக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். என் டொக் டொக்கில் இரண்டு நாள் தூக்கம் கெட்டவர், மூன்றாம் நாள் எழுந்து வந்து நின்றார்.

"லீவு முடியறதுக்குள்ள ஒரு பாட்ட நிக்காம முழுசா வாசிச்சுக் காட்டு. இல்ல, கிட்டார யாருக்காச்சும் குடுத்துடுவேன்லா."

அப்பா சொன்னால் செய்வார். நான் கூண்டைச் சரியாகக் கழுவவில்லை என்று என் முயலைக் கூண்டோடு தூக்கிக் கொடுத்தவர்.

அதுவரை என் பயிற்சி எப்படியென்றால், பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பேன், எஃப் வந்ததும் விழுவேன், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். முதல் இரண்டு வரியில் நான் பெரிய வித்வான்! அம்மாவின் போனில் பார்த்த வீடியோ ஒன்றுதான் கண்ணைத் திறந்தது. தடுக்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள். சி கார்டிலிருந்து எஃப்-க்கு மாறுவதை ஆமை வேகத்தில் செய். ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார், ஊமையாக இருக்கும் கம்பிக்கு விரலை நகர்த்து. மாறாத ஒரு டிக் டிக்கோடு சேர்ந்து வாசி, தொடர்ந்து பத்துத் தடவை சுத்தமாக வந்த பிறகுதான் வேகத்தைத் தொடு.

டிக் டிக்குக்கு எங்கே போவது? போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். அப்போதுதான் போர்ச்சில் நின்ற கார் கண்ணில் பட்டது. கேட் பூட்டியிருப்பதால் காரை நாங்கள் பூட்டுவதில்லை. சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அமுக்கினால், சாவியே இல்லாமல் டபுள் சிக்னல் விளக்குகள் சிமிட்ட, டிக் டொக், டிக் டொக் என்று அடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டால் அப்பாவுக்கும் கேட்காது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தினமும் மதியம் அரை மணி நேரம், பின்சீட்டில், வேர்த்து விறுவிறுத்து. ஒரு கார்டுக்கு நாலு டிக். ஒரு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பத்துத் தடவையும் ஆறு கம்பியும் கணீரென்று பேசின. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தமில்லாமல் ஹாலில் குதித்தேன். மாமாவுக்கென்று அம்மா அயர்ன் போட்டு ஜன்னலில் மாட்டியிருந்த நீல நிற முழுக்கைச் சட்டையோடு கைகுலுக்கினேன். சிராப் சர்பத் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரெம்பியாவிலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். கிட்டாரை எங்கிருந்தோ எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். போன வாரம் காரில் பழைய ரேடியோ ஒன்றை மாட்டியிருந்தார்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு அப்பா சாவியைத் திருகினார். கார் இருமக்கூட இல்லை. பேட்டரி செத்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிக்னலை அணைக்கவே இல்லை!

"நீ அந்த ரேடியோவ மாட்டுனதுலேர்ந்து காடி சரியில்ல," என்று அப்பா மாமா மேல் பாய்ந்தார். "ஃபேக்டரில ஏற்கனவே வார்னிங் லெட்டர் குடுத்துட்டான். இன்னொரு நாள் லேட்டா போனா வேல போயிரும், தெரியுமில்ல?"

"இல்ல மச்சான், வயர சரியாத்தான் குடுத்தேன்," என்ற மாமா ரேடியோவைப் பார்க்கக் காருக்குள் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். வெளியே வந்தபோது அவர் பேச்சு மாறியிருந்தது. "என் தப்புதான் மச்சான். ஒரு வயர மாத்தி மாட்டிட்டேன். ஏறி உக்காருங்க, தள்ளிவிடுறோம்."

ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முயல் கூண்டு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மாமா, அம்மா, நான், மூன்று பேரும் தள்ளினோம். ஸ்டார்ட் ஆகாவிட்டால் அப்பாவுக்கு வேலை போகும். ஆகிவிட்டாலோ பேட்டரிக்கு உயிர் வரும், சிக்னல் மறுபடி அடிக்கும், குட்டு உடைந்துவிடும். சாமி, ஸ்டார்ட் ஆகணும். சாமி, ஆகக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு தள்ளினேன். சந்து முனையில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. பின்விளக்குகளையே பார்த்தேன்.

சிமிட்டவில்லை. கார் திரும்பிப் போய்விட்டது. நான் மெல்ல மாமாவைப் பார்த்தேன். அவர் முன்பிருந்தே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நேரத்துக்குப் போய்விட்டார், வேலையும் தப்பியது. மறுநாள் ரேடியோவைப் பிடுங்கி எறிந்தார். அம்மாவிடம் அடுக்களையில் கத்தியது எனக்கும் கேட்டது. "ஒரு வயர் மாட்டத் தெரியாதவன மெஷின் பக்கம் விடச் சொல்லி நான் எப்படிலா ரெக்கமெண்ட் பண்றது? என் பேருதான் கெடும்!"

ஞாயிற்றுக்கிழமை மாமா ரெம்பியாவுக்குக் கிளம்பினார். கேட்டருகே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எஃப் வந்துருச்சா?"

"வந்துருச்சு மாமா."

"இனிமே கால தட்டி எண்ணிக்க, என்னா?"

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவர் தெருமுனை திரும்பியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாரே! அடுத்த வாரம் பாட்டை நிற்காமல் வாசித்தேன். "ம், பரவால்ல," என்றார் அப்பா. கிட்டார் தப்பியது.

மாமா கிளம்பியதற்கு மறுநாள், திங்கட்கிழமை, அப்பாவின் ஃபேக்டரியில் அவருக்கு இன்டர்வியூ இருந்தது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கிளம்பிய அன்று காலையில், ஜன்னலில் தொங்கிய அந்த நீலச் சட்டையை அம்மா எடுத்து, நாலாக மடித்து அவர் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அயர்ன் போட்ட சட்டையை இப்படித் திணித்தால் கசங்கிவிடுமே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.